பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் ரேட் ஏறுமா, இறங்குமா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்ற பேச்சு எங்கே கிளம்பினாலும் கொஞ்ச நேரத்தில் பணத்தில் வந்து நிற்கும். ஒரு தரப்பு, அனுமதி கொடுத்தால் ஆட்கள் பெருகி ரேட் விழுந்துவிடும், கடைசியில் அந்தப் பெண்களுக்குத்தான் நஷ்டம் என்கிறது. இன்னொரு தரப்பு, லைசென்ஸ், வரி, மருத்துவப் பரிசோதனை என்று செலவெல்லாம் சேர்ந்து ரேட் எகிறிவிடும், வாடிக்கையாளர்கள் பழையபடி மறைவான இடங்களுக்கே போவார்கள் என்கிறது. வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது, இரண்டுமே உலகத்தில் நடந்திருக்கிறது. ஆனால் வேறு வேறு நாடுகளில், வேறு வேறு சட்டங்களின் கீழ். எந்த மாதிரிச் சட்டம் என்று சொல்லாமல் ரேட் ஏறுமா இறங்குமா என்று கேட்டால் பதிலே கிடையாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை எவ்வளவு என்பதைவிட, அதற்கும் தொழிலாளி கையில் கடைசியில் நிற்கும் தொகைக்கும் நடுவே எவ்வளவு கழிகிறது, அது யார் பைக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சட்டம் ரேட்டைக் குறைத்தும் தொழிலாளியின் வருமானத்தைக் கூட்டலாம். இன்னொரு சட்டம் ரேட்டை இரட்டிப்பாக்கிவிட்டு அவளை முன்பைவிட ஏழையாக்கலாம். சட்டம் போடுகிறவர்கள் இந்த இடைவெளியை அளக்காமல் வெறும் ரேட்டைப் பார்த்து முடிவெடுத்தால் தப்பான இடத்தில் போய் நிற்பார்கள்.

இங்கே பேசுவது வயதுவந்தவர்கள் தங்கள் சம்மதத்தோடு செய்யும் தொழிலைப் பற்றி மட்டும். குழந்தைகளை ஈடுபடுத்துவதும் ஆளைக் கடத்திக்கொண்டுவந்து கட்டாயப்படுத்துவதும் எந்த முறையிலும் குற்றம்தான், அதில் ஒப்பிட ஒன்றும் இல்லை.

உலகத்தில் இப்போது புழக்கத்தில் இருக்கும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம். விற்பவர், வாங்குபவர், விடுதி நடத்துபவர் எல்லாரையும் தண்டிக்கும் முழுத் தடை. விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரை மட்டும் தண்டிக்கும் முறை, 1999-ல் ஸ்வீடன் தொடங்கியது, அப்புறம் நார்வே, ஐஸ்லாந்து, கனடா, பிரான்ஸ், அயர்லாந்து என்று பரவியது. மூன்றாவது, லைசென்ஸ் கொடுத்து, பதிவு செய்யவைத்து, விதிமுறை போட்டு நடத்துவது. அமெரிக்காவின் நெவாடா, ஜெர்மனி, நெதர்லாந்து எல்லாம் இந்த வகை. நான்காவது, குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, மற்ற வேலைகளுக்கு என்ன தொழிலாளர் சட்டமோ, வரிச் சட்டமோ, கட்டட விதியோ அதையே இதற்கும் பொருத்துவது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1995-லும் நியூசிலாந்து 2003-லும் இதைச் செய்தன.

அந்த ரேட்டுக்குள் என்னென்ன இருக்கிறது

சட்டம் மாறினால் ரேட் எப்படி மாறும் என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த ரேட் எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைக்கும் நேரத்துக்குமான கூலி ஒரு பங்கு. போலீஸ் பிடிக்கும், அடி விழும், நோய் வரும் என்ற ஆபத்துக்கான கூடுதல் ஒரு பங்கு. தரகர், விடுதிக்காரர், அறை வாடகை, மாமூல் என்று போகும் கழிவு ஒரு பங்கு. இதெல்லாம் போக, ஊர் பேசும் பேச்சுக்கும் போகும் மரியாதைக்கும் ஈடாக வாங்கும் ஒரு பங்கு உண்டு, அதுதான் பெரும்பாலும் கணக்கில் வராமல் போவது. எட்லண்ட், கோர்ன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் மையமாக வைத்தது: பெரிய படிப்போ பயிற்சியோ கேட்காத இந்த வேலைக்கு ஏன் மற்ற வேலைகளைவிட இவ்வளவு கூடுதலாகக் கூலி கிடைக்கிறது என்றால், இதில் இறங்கும் பெண் கல்யாணச் சந்தையில் தனக்கு இருந்த வாய்ப்பை இழக்கிறாள், அந்த இழப்புக்கான ஈடும் கூலிக்குள் அடங்கியிருக்கிறது என்றார்கள். அந்த வாதத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, கல்யாணமானவர்கள் நிறையப் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் களங்கத்துக்கு ஒரு விலை உண்டு என்பது உண்மை, அதைச் சட்டம் ஒரே இரவில் துடைத்துவிடாது என்பதும் உண்மை.

இதனால்தான் கஞ்சாவை உதாரணம் காட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அமெரிக்க மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்தபின் விலை சரிந்தது, அதேபோல் இதிலும் சரியும் என்கிறார்கள். கஞ்சாவில் விலை சரிந்ததற்குக் காரணம், ஒளித்து வளர்த்ததை ஏக்கர் கணக்கில் வெளிப்படையாக வளர்க்க முடிந்ததும் ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு விழுந்ததுதான். ஒரு மனுஷி தன் உடம்பையும் நேரத்தையும் கொடுத்துச் செய்யும் வேலையில் அப்படி உற்பத்தியைப் பெருக்க வழியே இல்லை. ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான். ரேட் இறங்க வேண்டுமென்றால் ஒன்று புதிய ஆட்கள் வர வேண்டும், இல்லை ஆபத்துக்கான பங்கு குறைய வேண்டும், இல்லை இருப்பவர்களின் பேரம் பேசும் பலம் உடைய வேண்டும். ரேட் விழுந்தது என்று எந்த நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இந்த மூன்றில் எது நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

முழுத் தடை

தடை இருந்தால் ஆபத்து கூடும், ஆபத்து கூடினால் ரேட் கூடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் கைது என்ற ஆபத்து நாம் நினைக்கும் அளவுக்கு ரேட்டை ஏற்றுவதில்லை. சிகாகோ தெருக்களில் லெவிட், வெங்கடேஷ் இருவரும் தரவு சேகரித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் ஏறத்தாழ 450 வாடிக்கையாளர்களுக்கு ஒரு முறைதான் கைதாகிறாள் என்று தெரிந்தது. அவர்களுக்கு மணிக்கு 25-லிருந்து 30 டாலர் வரை கிடைத்தது, மற்ற வேலைகளில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடியதைப் போல நாலு மடங்கு. 450-க்கு ஒன்று என்றால் அந்தக் கைதுக்கான பயத்தை ஒவ்வொரு தடவையும் பிரித்துப் போட்டால் சில்லறைதான் வரும். அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது, அதுதான் என்னை உலுக்கியது: போலீஸ்காரரால் முறைப்படி கைதாவதைவிட, போலீஸ்காரருக்கு இலவசமாக இணங்கவேண்டிவருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆக, தடைச் சட்டத்தின் நிஜமான சுமை சிறையில் இல்லை, மாமூலில் இருக்கிறது. பணமாகவோ உடம்பாகவோ கொடுக்கும் அந்த மாமூல் வாடிக்கையாளர் தரும் ரேட்டில் தெரியாது, தொழிலாளி கைக்கு வரும் தொகையில்தான் தெரியும்.

தரகர்களைப் பற்றியும் அதே ஆய்வு வசதியில்லாத ஒரு உண்மையைச் சொல்கிறது. தரகர் வைத்து வேலை செய்த பெண்கள், கால் பங்கு கமிஷன் போனபிறகும், தனியாகத் தெருவில் நின்றவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குறைவான நேரமே வேலையும் செய்தார்கள். காரணம், தரகர் வேறு இடத்திலிருந்து வசதியான வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தார். தரகர்கள் நல்லவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பாதுகாப்பாக விளம்பரம் செய்யவும் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு பெண்ணுக்கு வழி இல்லாதபோது, அந்த வழியை விற்கிறவனுக்குக் கால் பங்கு கொடுத்தும் அவள் லாபம் பார்க்கிறாள். அந்த வழியை அவளே வைத்திருந்தால் கால் பங்கும் அவளுக்கே.

தடை திடீரென்று வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் ஒரு கசப்பான சான்று இருக்கிறது. 2014-ல் ஒரு மாவட்டத்தில் மட்டும் அதிகாரிகள் எதிர்பாராமல் தொழில் நடந்த இடங்களை மூடினார்கள், பக்கத்து மாவட்டங்களில் மூடவில்லை. முன்பும் பின்பும் பரிசோதனை செய்து பார்த்ததில், மூடிய மாவட்டத்துப் பெண்களிடையே பாலியல் நோய்கள் 58 சதவீதம் கூடியிருந்தன. ஆணுறை கிடைப்பதும் பயன்படுத்துவதும் குறைந்ததுதான் காரணம். தொழிலை விட்டுப்போன பெண்களின் வருமானம் குறைந்தது, பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சமாளிக்க முடியாமல் பிள்ளைகளே வேலைக்குப் போன வீடுகள் கூடின. இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

வாங்குபவரை மட்டும் தண்டிப்பது

இந்த முறைக்குப் பின்னால் நல்ல எண்ணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. பெண்ணைக் குற்றவாளியாக்காதே, வாங்க வருகிறவனைத் தடு, தேவை குறைந்தால் தொழில் தானாகச் சுருங்கும் என்பது வாதம். பொருளாதாரக் கணக்கிலும் இது உள்முரண் இல்லாத வாதம்தான். விற்பவரைத் தண்டித்தால் வரத்து குறைந்து ரேட் ஏறும், வாங்குபவரைத் தண்டித்தால் தேவை குறைந்து ரேட் இறங்கும். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லும்போது ஏனோ குரல் தாழ்ந்துவிடுகிறது. ரேட் இறங்கும் என்றால் யாருடைய ரேட்? யாரைக் காப்பாற்ற வந்த சட்டமோ அவளுடைய ரேட்.

நார்வே 2009-ல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த அரசே செய்வித்து 2014-ல் வந்த மதிப்பீடு, தேவை குறைந்தது, சந்தை சுருங்கியது, சட்டம் தன் நோக்கப்படி வேலை செய்கிறது என்று பாராட்டிவிட்டு, தெருவில் நிற்கும் பெண்கள் முன்பைவிட பேரம் பேசும் பலம் குறைந்துவிட்டதாகவும் பாதுகாப்பைப் பற்றிய கவலை கூடிவிட்டதாகவும் சொல்வதையும் பதிவு செய்தது. பிரான்ஸ் 2016-ல் வாங்குபவருக்கு 1,500 யூரோ வரை அபராதம் போட்டது. இரண்டு வருடம் கழித்து மெட்சான் டு மோண்ட் என்ற மருத்துவத் தொண்டு அமைப்பு சுமார் 580 தொழிலாளிகளிடம் கேட்டுப் பார்த்ததில் 78 சதவீதம் பேர் வருமானம் குறைந்துவிட்டது என்றார்கள், 63 சதவீதம் பேர் வாழ்க்கை நிலைமையே மோசமாகிவிட்டது என்றார்கள். அந்த அமைப்பு சட்டத்தை எதிர்த்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இருந்தாலும் அரசு மதிப்பீடும் எதிர்ப்பாளர் ஆய்வும் ஒரே திசையைக் காட்டும்போது அதைத் தள்ளிவிட முடியாது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அபராதத்துக்கும் அவமானத்துக்கும் பயந்து முதலில் விலகுகிறவர்கள் யார்? வேலை, குடும்பம், பெயர் என்று இழக்க ஏதாவது வைத்திருப்பவர்கள். அவர்கள்தான் பொதுவாகப் பேசின தொகையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போகிறவர்கள். மிஞ்சுகிறவர்களில் பயமில்லாதவர்களின் பங்கு கூடிவிடுகிறது. வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைந்தபின் யாரை வேண்டாம் என்று சொல்வது, எவ்வளவுக்குக் கீழே போகமாட்டேன் என்று சொல்வது எல்லாம் கஷ்டமாகிறது. பிடிபடப் பயந்து அவசரப்படுத்துகிறவனோடு பேரம் பேசக்கூட நேரம் கிடைப்பதில்லை, ஆளை எடைபோட ஒரு நிமிஷம் கிடைத்தால் பெரிது. வாடகை மட்டும் குறையாது, ஏனென்றால் பல இடங்களில் அவளுக்கு வீடு வாடகைக்கு விடுவதும் தரகு என்றே பார்க்கப்படுகிறது, அந்த ஆபத்துக்கு வீட்டுக்காரர் கூடுதலாகக் கேட்பார்.

தொழிலை விட நினைக்கிறவர்களுக்கு இந்த நாடுகள் உதவித்தொகை, தங்குமிடம் என்று வைத்திருக்கின்றன. அந்த உதவி உண்மையாகப் போதுமானதாக இருந்தால் இந்த வழிக்கு என் ஆதரவு கொஞ்சம் கூடும். ஆனால் அந்த உதவியைக் கொடுக்க, வாங்குபவரைத் தண்டிக்கும் சட்டம் தேவையே இல்லை, எந்த முறையிலும் கொடுக்கலாம்.

லைசென்ஸ் முறை: ரேட் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்

பலர் மனதில் சட்டபூர்வம் என்றால் இதுதான் வருகிறது, அதனால் இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன். ஒரே பெயரில் இருக்கும் இந்த முறை இரண்டு நாடுகளில் நேர் எதிரான விளைவைக் கொடுத்திருக்கிறது.

நெவாடாவில் 7 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள மாவட்டங்கள் மட்டும் விடுதிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம், அதாவது லாஸ் வேகஸில் கிடையாது. முதல் லைசென்ஸ் 1971-ல். மாநிலம் முழுவதும் இன்றைக்கும் சுமார் இருபது விடுதிகள்தான், பெரும்பாலும் நகரத்தை விட்டு ரொம்ப தூரத்தில். வாரம் ஒரு முறை நோய்ப் பரிசோதனை, மாதம் ஒரு முறை எச்.ஐ.வி. பரிசோதனை, ஆணுறை கட்டாயம். இதன் விளைவு, அனுமதி பெற்ற விடுதியின் ரேட் லாஸ் வேகஸின் மறைவான சந்தையைவிட மிக அதிகம். பாதுகாப்பு உண்மையிலேயே கூடுதல்தான். ஆனால் வழக்கப்படி பாதித் தொகை விடுதிக்குப் போகிறது. பெண்கள் ஊழியர்கள் இல்லை, சுயதொழில் செய்கிறவர்கள் என்று கணக்கு. ஆகவே மீதிப் பாதியிலிருந்துதான் பரிசோதனைச் செலவும் வரியும். வேறு விடுதிக்குப் போகலாமென்றால் மொத்தமே இருபது. லைசென்ஸை அரிதாக்கினால் அந்த அரிதுக்கான லாபம் லைசென்ஸ் வைத்திருப்பவருக்குப் போகும், வேலை செய்கிறவருக்குப் போகாது. பாதிக் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் இதுதான் பதில்.

ஜெர்மனி 2002-ல் செய்தது வேறு. ஒப்பந்தம் செல்லும், பேசின பணம் வராவிட்டால் வழக்குப் போடலாம், ஊழியராகவும் சேரலாம் என்று சட்டம் சொன்னது. விடுதிகளுக்கு அன்றைக்குத் தனி லைசென்ஸ் கட்டுப்பாடு எதுவும் பெரிதாக இல்லை. அப்புறம் 2004-லும் 2007-லும் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன, ருமேனியா, பல்கேரியா உட்பட. ஏழை நாடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள், பெரிய விடுதிகள் முளைத்தன, ஒரே கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் என்று விளம்பரம் செய்யும் அளவுக்கு ரேட் போட்டி இறங்கியது. அந்த மொத்தக் கட்டண முறையை 2017-ல் வந்த புதிய சட்டம் தடை செய்ய வேண்டியிருந்தது. சட்டபூர்வமாக்கினால் ரேட் விழும் என்பவர்கள் காட்டும் முதல் சாட்சி ஜெர்மனி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, எல்லை திறந்ததையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அங்கே நடந்ததில் எல்லாரும் கவனிக்கத் தவறுவது வாடகை. பல விடுதிகளில் பெண் ஒரு நாளைக்கு அறைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், பெரிய நகரங்களில் நூறு யூரோவைத் தாண்டும். வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொகை கட்டியாக வேண்டும். ஆட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர் மாலை வரை வாடகைக் காசு சேராவிட்டால் கேட்ட தொகைக்கு வண்டியைத் திருப்புவார் இல்லையா, அதே நிலைமைதான். கமிஷன் முறையில், வேலை இல்லாத நாளில் விடுதிக்காரருக்கும் வருமானம் இல்லை, அதனால் ரேட்டைத் தூக்கிப் பிடிப்பதில் அவருக்கும் அக்கறை உண்டு. நாள் வாடகை முறையில் மந்தமான நாளின் முழு நஷ்டமும் அவள் தலையில், அவளோ முதல் மூன்று நாலு பேரை வாடகைக்காகவே பார்க்கிறாள், அந்த நேரத்தில் யார் குறைத்துக் கேட்டாலும் மறுக்க முடியாது. ஒருவர் இறங்கினால் பக்கத்து அறையும் இறங்க வேண்டும். இப்படித்தான் ஒரு கட்டடம் முழுக்க ரேட் சரிகிறது. கமிஷன் பாதி என்பது கொள்ளை என்றால், நாள் வாடகை அதைவிட மறைவான கொள்ளை.

இதற்கு மேல் உள்ளாட்சி வரி. ஜெர்மனியின் பான் நகரம் 2011-ல் தெருவில் நிற்பவர்களுக்காக ஒரு டிக்கெட் இயந்திரமே வைத்தது, ஒரு இரவுக்கு 6 யூரோ, எத்தனை பேர் வந்தாலும் அதே 6 யூரோ. தொகை சின்னதுதான். ஆனால் அதுவும் வருமானத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து வசூலிப்பது, மந்தமான இரவில் நிற்கிறவளுக்கே அது பாரம்.

நெதர்லாந்து 2000-ல் விடுதித் தடையை நீக்கியது. ஆம்ஸ்டர்டாமில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்த அறைகளை வாடகைக்கு எடுத்துச் சுயமாகத் தொழில் செய்யும் முறை. 2007-க்குப் பிறகு குற்றக் கும்பல்களை ஒழிக்கிறோம் என்று நகராட்சி நூற்றுக்கும் மேற்பட்ட சன்னல்களை மூடியது. நோக்கம் எதுவாக இருந்தாலும், சன்னல்கள் குறைந்தால் மிச்சச் சன்னல்களின் சொந்தக்காரர் கை ஓங்கும். அதை ஓரளவு ஈடுகட்டத்தான் 2017-ல் தொழிலாளிகளே நிர்வகிக்கும் மை ரெட் லைட் என்ற இடம் 14 சன்னல்களோடு திறக்கப்பட்டது. நல்ல முயற்சி, ஆனால் 14 சன்னலால் ஒரு நகரத்தின் வாடகையை இறக்க முடியாது.

பதிவு என்பதும் ரேட்டை இரண்டாகப் பிளக்கும். ஜெர்மனியில் 2017-லிருந்து பதிவு கட்டாயம். 2022 கடைசியில் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 28,000 பேர்தான். மொத்தம் எத்தனை பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை என்றாலும் அந்த அளவுள்ள நாட்டுக்கு இது முழுக் கணக்கு இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தன் பெயரை அரசுப் பட்டியலில் எழுதிக்கொடுக்க எல்லாரும் தயாராக மாட்டார்கள், பிள்ளையின் பள்ளியில் தெரிந்தால், நாளைக்கு வேறு வேலைக்குப் போனால், ஊருக்குத் திரும்பினால் என்று ஆயிரம் பயம். செனகலில் 1960-களிலிருந்தே 21 வயது நிரம்பியவர்கள் பதிவு அட்டை வாங்கி மாதாமாதம் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று முறை இருக்கிறது, அங்கேயும் பெரும்பாலோர் பதிவுக்கு வெளியேதான். பதிவு செய்தவர்களின் ரேட் ஒரு மட்டத்தில் நிற்கும். வெளியே நிற்கிறவர்கள் மறுபடியும் சட்ட விரோதம் ஆகிறார்கள், தடைக்காலத்து மாமூலும் தரகும் அவர்களுக்கு அப்படியே தொடரும், அவர்களின் குறைந்த ரேட் உள்ளே இருப்பவர்களின் ரேட்டையும் கீழே இழுக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1994-லிருந்தும் குவீன்ஸ்லாந்து அதற்குச் சில வருடம் கழித்தும் லைசென்ஸ் முறையை நடத்திப் பார்த்தன. குவீன்ஸ்லாந்தில் லைசென்ஸ் வாங்கிய விடுதிகள் இருபது அளவில்தான் இருந்தன. ஒரு பெண் தனியாகத் தொழில் செய்யலாம், ஆனால் பாதுகாப்புக்காக இன்னொருத்தியோடு சேர்ந்து ஒரே இடத்தில் செய்தால் குற்றம். விக்டோரியா 2022-லிருந்து படிப்படியாகவும் குவீன்ஸ்லாந்து 2024-லும் அந்த முறையைக் கைவிட்டு நான்காவது வழிக்கு மாறின. லைசென்ஸ் நல்லது என்று வாதிடுகிறவர்கள், கால் நூற்றாண்டு அளவுக்கு நடத்திப் பார்த்தவர்களே ஏன் விட்டார்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவது

நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 2003-ல் 60-க்கு 59 என்ற வாக்கில் தப்பிப் பிழைத்துத்தான் இந்தச் சட்டம் வந்தது. அதன் உள்ளே ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் ரேட்டைத் தீர்மானிக்கும் ஒரு விதி இருக்கிறது: நாலு பேர் வரை, யாரும் யாருக்கும் முதலாளி இல்லாமல், சேர்ந்து ஓரிடத்தில் தொழில் செய்தால், விடுதி நடத்துகிறவர்கள் வாங்க வேண்டிய சான்றிதழ் வேண்டாம். சாதாரணமாகத் தெரியும் இந்த ஒரு விதி, விடுதிக்காரரின் கழுத்துப்பிடியைத் தளர்த்துகிறது. பாதிக் கமிஷன் கேட்கிற விடுதியைவிட்டுவிட்டு மூன்று தோழிகளோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இருக்கிறது என்பதே விடுதிக்காரர் கேட்கும் தொகையைக் கட்டுப்படுத்தும், யாரும் உண்மையில் வெளியேறாவிட்டாலும்கூட.

சட்டம் வந்தால் தொழிலாளிகள் வெள்ளமாகப் பெருகுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். 2008-ல் வந்த அரசு ஆய்வுக் குழு அறிக்கை அப்படிப் பெருகவில்லை என்றது. ஒரு வாடிக்கையாளரை வேண்டாம் என்று மறுப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது என்று கேட்கப்பட்டவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். என்னைக் கேட்டால் ரேட்டைப் பற்றிய மிக முக்கியமான புள்ளிவிவரம் இதுதான். மறுக்க முடிகிறவளால்தான் ரேட் சொல்ல முடியும், மறுக்க முடியாதவள் கேட்ட ரேட்டை வாங்கிக்கொள்கிறாள். 2014-ல் விடுதி நடத்துநர் ஒருவர் பாலியல் ரீதியாகத் தொல்லை கொடுத்தார் என்று ஒரு தொழிலாளி அங்கே மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு வாங்கினார். முழுத் தடை உள்ள நாட்டில் இப்படி ஒரு வழக்கைக் கற்பனை செய்துபாருங்கள், புகார் கொடுக்கப் போனவரையே முதலில் உள்ளே வைப்பார்கள்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இது தற்செயலாக நடந்தது. சட்டத்தில் இருந்த ஓட்டையை வைத்து 2003-ல் ஒரு நீதிமன்றம், அறைக்குள் நடக்கும் தொழில் குற்றமாகாது என்று சொல்லிவிட்டது, 2009-ல் மாநிலம் மறுபடி குற்றமாக்கியது. நடுவில் இருந்த வருடங்களை ஆராய்ந்த கன்னிங்காம், ஷா இருவரும் அறைக்குள் நடக்கும் சந்தை பெரிதானதையும், பதிவான பாலியல் வன்முறைக் குற்றங்கள் சுமார் 30 சதவீதம் குறைந்ததையும், பெண்களிடையே கொனோரியா என்ற பாலியல் நோய் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்ததையும் கண்டார்கள். சந்தை பெரிதானது என்பதை இந்த வழியை ஆதரிப்பவர்கள் மறைக்கக் கூடாது. எண்ணிக்கை கூடும்போது ரேட் மேல் அழுத்தம் வரும், ஆபத்துக்கான பங்கும் குறையும், ஆகவே வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை இறங்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு எதிர்ப்பக்கம் அடி, மாமூல், தரகு ஆகியவை குறைகின்றன. முதலில் சொன்ன இடைவெளி சுருங்குகிறது.

சந்தை பெரிதாவதன் கெட்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். சோ, ட்ரேயர், நியூமாயர் மூவரும் 150 நாடுகளை வைத்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு, தொழில் சட்டபூர்வமான நாடுகளில் ஆள்கடத்தல் வரத்து கூடுதலாகப் பதிவாகிறது என்றது. கடத்தல் தரவுகள் எவ்வளவு பலவீனமானவை என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள், பதிவு கூடுவதும் நிஜத்தில் கூடுவதும் ஒன்றில்லை. ஆனாலும் கட்டாயப்படுத்தப்பட்டவரின் ரேட் எப்போதும் கீழேதான் இருக்கும் என்பதால் ஒரு இடத்தில் ரேட் சந்தேகப்படும் அளவுக்கு விழுந்தால் அதிகாரிகள் அதை ஒரு எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆணுறைக்கு இருக்கும் விலை

ரேட் என்று ஒரே எண்ணாகப் பேசுகிறோம், நிஜத்தில் ஆணுறையோடு ஒரு ரேட், இல்லாமல் ஒரு ரேட். மெக்சிகோவில் கெர்ட்லர், ஷா, பெர்டோஸி செய்து 2005-ல் வந்த ஆய்வில், ஆணுறை வேண்டாம் என்று கேட்ட வாடிக்கையாளர்கள் 23 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சி பகுதியைப் பற்றி 2003-ல் வெளியான ஆய்வு அதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தது: ஆணுறை வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற பெண்கள் வருமானத்தில் 66 முதல் 79 சதவீதம் வரை இழந்தார்கள். உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்கு முக்கால் கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டாய விதி தொழிலாளிக்கு நேரடியாக உதவுகிறது என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் கட்டாயம் என்றால் மறுப்பவள் தனியாக நஷ்டப்படுவதில்லை, பக்கத்தில் இருப்பவளும் மறுக்கிறாள். நியூசிலாந்துச் சட்டம் வாடிக்கையாளர் மேலும் இந்தக் கடமையைப் போட்டிருக்கிறது. ஆணுறை வேண்டாம் என்று வற்புறுத்துகிறவரே சட்டத்தை மீறுகிறார் என்பதை அவள் கதவருகே நின்று சொல்ல முடியும்.

சட்டத்தைத் தாண்டி ரேட்டை மாற்றியவை

எல்லா மாற்றத்தையும் சட்டத்தின் கணக்கில் எழுதவும் கூடாது. தி எகானமிஸ்ட் இதழ் 2014-ல் 12 நாடுகளின் 84 நகரங்களில் தொழில் செய்யும் 1,90,000 பேரைப் பற்றி, வாடிக்கையாளர்கள் கருத்து எழுதும் ஓர் இணையதளத்தில் இருந்த பக்கங்களை அலசியது. சராசரி ஒரு மணி நேர ரேட் 2006-ல் சுமார் 340 டாலராக இருந்தது 2014-ல் சுமார் 260-க்கு இறங்கியிருந்தது. வேறு வேறு சட்டங்கள் உள்ள நாடுகள் அவை. 2008 பொருளாதாரச் சரிவும் குடிபெயர்வும் இணையமும்தான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. அதே இணையம்தான் பெண்களுக்குத் தரகரில்லாமல் விளம்பரம் செய்யவும் வருகிறவரை முன்கூட்டி விசாரிக்கவும் வழி கொடுத்தது. 2018-ல் அமெரிக்கா பேக்பேஜ் தளத்தை முடக்கி, இப்படி விளம்பரம் ஏற்கும் தளங்களைப் பொறுப்பாக்கும் சட்டத்தையும் போட்டபோது பலர் மறுபடி தெருவுக்கும் தரகருக்கும் போக வேண்டிவந்தது. விளம்பர வழியை மூடுவதும் ஒரு விலைக் கொள்கைதான், அப்படி யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரு அரசு என்னிடம் கேட்டால் நான்காவது வழியைச் சொல்வேன், ஆனால் வெறும் குற்ற நீக்கத்தோடு நிறுத்தினால் ஜெர்மனியின் நாள் வாடகைக் கதை எங்கேயும் வரலாம். அதனால் மூன்று விஷயங்களைச் சட்டத்திலேயே எழுதச் சொல்வேன். நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன இடங்களுக்கு லைசென்ஸும் கட்டணமும் கூடாது. விடுதிக்காரர் வாங்கலாம் என்றால் வருமானத்தில் ஒரு வரம்புக்கு உட்பட்ட பங்கு வாங்கட்டும், வேலை இல்லாத நாளுக்கும் வசூலிக்கும் வாடகை கூடாது. வரி என்றால் மற்றவர்களைப் போல வருமானத்துக்கு வரி, தலைக்கு இவ்வளவு என்று இரவுக் கட்டணம் கூடாது. ஊழியராகச் சேர விரும்புகிறவர்களுக்குப் பெல்ஜியம் 2024 டிசம்பரில் நடைமுறைப்படுத்திய சட்டம் நல்ல மாதிரி. மகப்பேறு விடுப்பும் ஓய்வூதியமும் உண்டு, வாடிக்கையாளரை மறுத்ததற்காக வேலையை விட்டு நீக்க முடியாது.

குறைந்தபட்ச ரேட் என்று அரசே ஒரு தொகை நிர்ணயிக்கலாமே என்று கேட்பார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூடிய அறைக்குள் பேசும் தொகையை எந்த அதிகாரியும் சோதிக்க முடியாது, சோதிக்கப் போனால் மாமூலுக்குப் புதிய கதவு திறக்கும். வாடகையையும் கமிஷனையும் சோதிக்கலாம், அதற்கு ரசீது இருக்கும்.

நியூசிலாந்துச் சட்டத்திலேயே சரிசெய்யாத ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தத் தொழில் செய்யக் கூடாது, செய்தால் நாடு கடத்தலாம். ஆள்கடத்தலைத் தடுக்க என்று போட்ட பிரிவு அது. நடைமுறையில், பணம் கொடுக்காமல் போனவனைப் பற்றியோ அடித்தவனைப் பற்றியோ புகார் கொடுத்தால் தன் விசா போய்விடும் என்று தெரிந்த ஒரு கூட்டத்தை அது உருவாக்குகிறது, அந்தப் பயத்தை வைத்தே அவர்களிடம் ரேட்டைக் குறைக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் வேலை செய்யலாமா என்பதைக் குடியேற்றச் சட்டம் முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் குற்றத்தைப் புகார் செய்ய வந்தவரின் விசாவைத் தொடக் கூடாது என்ற ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்க எந்த நாட்டுக்கும் பைசா செலவில்லை.